சிவப்பு வட்டம் போட்டால் மட்டும் போதுமா?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "ஆன்லைன் டெமோக்களில் பாதிக் குறிப்புப் பெட்டிகளைத் தூக்கி எறியலாம்." அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன். கேள்விகளுக்குப் பதில் கீழே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பதினோரு வருஷம் கோவையில் பில்லிங் சாஃப்ட்வேர் டெமோ கொடுத்தவள் நான். ஸ்கூட்டி முன்னால் லேப்டாப் பை, பின்னால் குட்டி பிரின்டர் என்று ராஜ வீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது அதே வேலையை வெப்சைட்டில் செய்கிறேன். பொருளின் படமோ சாஃப்ட்வேரின் திரையோ இருக்கும். அதில் அங்கங்கே புள்ளி. தொட்டால் விளக்கம், குட்டி வீடியோ, சத்தம் ஏதாவது விரியும். ஆபீஸில் இவற்றை கால்அவுட், ஹாட்ஸ்பாட் என்போம். இங்கே பெட்டி, புள்ளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்தும் வாசகர், திருப்பூர்: எங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்கு வெப்சைட்டிலேயே டெமோ வைத்திருக்கிறோம். மொத்தம் 23 பெட்டிகள். பாதிப் பேர் நான்காவது பெட்டியிலேயே போய்விடுகிறார்கள். வீடியோ சேர்த்தால் நிற்பார்களா?

நிற்க மாட்டார்கள். வீடியோவும் சேர்த்தால் மூன்றாவதிலேயே போவார்கள்.

நீங்கள் அனுப்பிய டெமோவைத் திறந்து பார்த்தேன். முதல் பெட்டி வரவேற்கிறது. இரண்டாவது "இது எங்கள் டேஷ்போர்டு" என்கிறது. மூன்றாவது மெனுவைக் காட்டுகிறது. நான்காவது செட்டிங்ஸுக்குப் போகச் சொல்கிறது. பார்க்க வந்தவரோ கடைக்காரர். எதிரில் ஆள் நிற்கும்போது இதில் சட்டென்று பில் போட முடியுமா என்று தெரிந்துகொள்ள வந்தார். நாலு பெட்டி தாண்டியும் பில் கண்ணில் படவில்லை. எழுந்து போகாமல் என்ன செய்வார்?

நானும் இப்படித்தான் இருந்தேன். முதல் வருஷம் ஒப்பணக்கார வீதியில் ஒரு துணிக்கடை. முதலாளிக்கு அறுபது வயசு இருக்கும். இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பாப்பா, நீ கொஞ்சம் பேசாம இரு, நானே ஒரு பில்லு போட்டுப் பாக்கறேன்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒற்றை விரலால் தட்டினார். ஐட்டம் கோடு, எண்ணிக்கை, என்டர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று விரல் அந்தரத்தில் நின்றது. தள்ளுபடிக் கட்டம். அது சதவீதம் கேட்டது. "ரூபாயில போட முடியாதா? நான் பேசி முடிச்சு அம்பது ரூபா குறைக்கறவன், சதவீதத்துக்கு எங்க போவேன்?" ஒரு கீயைக் காட்டினேன். மறுபடி தட்ட ஆரம்பித்தார். அடுத்து விரல் நின்ற இடம் பிரின்ட். "நம்ம மூணு இஞ்சு பேப்பர்ல வருமா?" அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நான் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொண்டேன். எந்தக் கடையில் எந்த இடத்தில் விரல் அந்தரத்தில் நிற்கிறது என்று குறிப்பது மட்டும்தான் அதில் வேலை. ஒரு வருஷத்தில் பார்த்தால் எல்லாக் கடையிலும் ஏறக்குறைய அதே ஆறு இடங்கள்: தள்ளுபடியை ரூபாயில் போடுவது, வாங்கிய சாமானை மாற்றிக் கொடுப்பது, மூன்று இஞ்சு பேப்பரில் பிரின்ட், நேற்றைய பில்லைத் திரும்ப எடுப்பது, பாதி பில்லில் கரண்ட் போனால் என்ன ஆகும், ஒரே பில்லில் இரண்டு விதமான வரி. டெமோ வெப்சைட்டுக்குப் போனபோது அந்த ஆறு இடத்தில்தான் புள்ளி வைத்தேன்.

உங்கள் 23-இல் இந்த மாதிரி இடங்கள் ஐந்து இருக்கின்றன. மிச்சமெல்லாம் திரையே சொல்கிற விஷயத்தைத் திருப்பிச் சொல்கின்றன. 'சேவ்' என்று எழுதிய பட்டனுக்குப் பக்கத்தில் "சேமிக்க இங்கே அழுத்தவும்" எதற்கு? அதிலும் பட்டனில் சேவ், பெட்டியில் சேமிக்கவும். புதிதாகப் பார்க்கிறவர் 'சேமி' என்ற பட்டனைத் தேட ஆரம்பித்துவிடுவார். திரையில் என்ன வார்த்தையோ பெட்டியிலும் அதே வார்த்தை.

விரல் எங்கே நிற்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிந்த கடைக்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, அவர்கள் கையில் போனைக் கொடுத்து, "ஒரு பில் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லிக் கொடுக்கக் கூடாது. அதுதான் கஷ்டம். நான் கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வேன்.

அப்புறம் உங்கள் டெமோவில் கண்ணில் பட்ட இரண்டு விஷயம். ஜிஎஸ்டி பெட்டி விரியும்போது மொத்தத் தொகையை மறைக்கிறது; பெட்டி எதைக் காட்ட வந்ததோ அதையே மூடக் கூடாது. இரண்டாவது, எல்லாப் பெட்டியிலும் 'அடுத்து' பட்டன். தேதி காலண்டர் கிழிப்பது மாதிரி அடுத்து, அடுத்து என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கையில் ஒன்றும் நிற்காது. தள்ளுபடிக் கட்டத்தையே தொடவிடுங்கள். தொட்டால்தான் அடுத்தது வரட்டும். பில்லைக்கூட பாதி போட்ட நிலையிலேயே ஆரம்பியுங்கள், மூன்று சட்டை ஏற்கெனவே ஏறியிருக்கட்டும்.

வீடியோ கேட்டீர்கள். ஒரே ஒரு இடத்தில் வையுங்கள்: பிரின்டரிலிருந்து பில் வந்து, கை அதைக் கிழிக்கிற ஆறு நொடி. அதை மட்டும்தான் திரைப் படத்தால் காட்ட முடியாது.

தையல் மெஷின் உதிரி பாகங்கள் ஆன்லைனில் விற்பவர், ஈரோடு: பாபினை (அடிநூல் சுற்றிய உருளையை) கேஸில் மாட்டுவதை ஜிஃப் என்கிற அசையும் படமாகப் போட்டேன். 18 எம்பி. பாதிப் பேருக்குப் போனில் திறக்கவே இல்லை.

ஜிஃப் 1987-இல் வந்த ஃபார்மட். 256 நிறத்துக்கு மேல் அதற்குத் தெரியாது. படத்தைச் சுருக்குவதிலும் அந்தக் காலத்து அறிவுதான். எம்பி4 வீடியோ ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் என்ன மாறியதோ அதை மட்டும் கணக்காக எழுதிக்கொள்ளும். என்னிடம் 12 நொடி ஜிஃப் ஒன்று 14 எம்பி இருந்தது. அதையே எம்பி4 ஆக்கினேன், ஒரு எம்பிக்குக் கீழே வந்துவிட்டது.

மாற்றும்போது வெப் டிசைனரிடம் மூன்று சொல் சொல்லுங்கள்: மியூட்டட், பிளேஸ்இன்லைன், போஸ்டர். சத்தத்தை அணைக்காத வீடியோவை குரோம் 2018-இலிருந்து தானாக ஓடவிடுவதில்லை. இரண்டாவதைப் போடாவிட்டால் ஐபோனில் வீடியோ திரை முழுவதும் எழும்பிவிடும். மூன்றாவது, வீடியோ வந்து சேரும்வரை காட்டுகிற நிலைப்படம்.

பாபின் விஷயத்தில் ஆட்களுக்கு வருகிற சந்தேகம் ஒன்றே ஒன்று: நூல் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்? நூல் அந்தப் பிளவுக்குள் போய் ஸ்பிரிங்குக்கு அடியில் நழுவுகிற ஃப்ரேமில் வீடியோவை நிறுத்தி, அம்புக்குறி போட்டு, தொட்டால் மறுபடி ஓடும்படி செய்யுங்கள். வீட்டில் தைக்கிறவர்கள் ஒரு கையில் பாபின் கேஸையும் மறு கையில் நூலையும் பிடித்துக்கொண்டுதான் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும் வீடியோ அவர்களுக்கு உதவாது.

கிரைண்டர் உற்பத்தியாளர், கோவை கணபதி பகுதி: சுற்றிச் சுற்றிப் பார்க்கும் 3டி படம் போட வேண்டும் என்கிறான் என் மகன். செலவைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. டில்டிங் கிரைண்டருக்கு இதெல்லாம் தேவையா?

மகன் சொல்வது தப்பில்லை. கூகுளின் 'மாடல்-வியூவர்' இலவசம். கிரைண்டரின் 3டி ஃபைல் இருந்தால் அதை வெப் பக்கத்தில் வைத்து விரலால் சுற்றலாம், புள்ளிகளையும் ஒட்டலாம். கிரைண்டரைத் திருப்பினால் புள்ளியும் கூடவே திரும்பும். அந்த 3டி ஃபைலைச் செய்வதற்குத்தான் காசு. உங்கள் பாடி டிசைன் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் வரைந்த 'கேட்' ஃபைலாக இருந்தால், வரைந்தவரிடமே ஜிஎல்பி என்ற 3டி ஃபார்மட்டில் கேட்டுப் பாருங்கள். செலவு வெகுவாகக் குறையும். பல போன்களில் கேமராவைத் திறந்து, கிரைண்டர் தன் சமையலறைத் திண்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்றுகூடப் பார்க்கலாம். "எங்க வீட்ல வைக்க இடம் இருக்குமா" என்பது உண்மையான கேள்விதான். ஆனால் அதற்கு நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, பக்கத்தில் ஒரு குடத்தை வைத்துப் படம் எடுத்தாலும் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன்னால் கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என் மாமியாரோடு கிரைண்டர் வாங்கப் போனேன். கடைப் பையன் மோட்டார் வாட்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். மாமியார் காதில் வாங்கவில்லை. "போடு தம்பி" என்றார். ஓடவிட்டு, அப்படியே நின்று கேட்டார், சத்தத்தை. பிறகு சாய்த்துப் பார்த்தார், ஒற்றைக் கையால். "மாவோட சாய்ச்சா இந்த லாக் நிக்குமா, பட்டுனு விழுந்துருமா?" பிறகு கல்லுக்கு அடியில் விரலை விட்டு, மாவு எங்கெங்கே ஒட்டிக்கொள்ளும் என்று தடவினார். கடைசியாக, "கல்லைத் தனியாத் தூக்கிக் கழுவ முடியுமா? என்ன வெயிட்டு?"

சத்தம், லாக், மாவு ஒட்டும் இடம், கல்லின் எடை. நாலு புள்ளி. சாதாரண ஃபோட்டோவிலேயே வைக்கலாம்.

லாக்குக்கு வீடியோ வேண்டும். வெறும் டிரம்மைச் சாய்த்துக் காட்டாதீர்கள், மாவு ததும்பத் ததும்பச் சாய்த்துக் காட்டுங்கள். கல்லைத் தூக்குவதை ஒரு பெண் செய்யட்டும். ஃபேக்டரி ஆள் தூக்கினால் எல்லாக் கல்லும் லேசுதான். சத்தத்துக்கு வீடியோ வேண்டாம், ஆடியோ போதும். இதில் ஒரு சின்ன நுணுக்கம்: கிரைண்டர் சத்தத்தை மட்டும் போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது, கேட்பவர் போனில் வால்யூம் எவ்வளவோ, யார் கண்டது? முதலில் ஐந்து நொடி மிக்ஸி ஓடட்டும், அப்புறம் போனை நகர்த்தாமல் அதே இடத்திலிருந்து ஐந்து நொடி கிரைண்டர், இரண்டும் ஒரே பதிவில். அப்போதுதான் காது தானே ஒப்பிட்டுக்கொள்ளும். வெட்டி ஒட்டினால் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். உளுந்து போட்டு ஓட்டிப் பதிவு செய்யுங்கள். காலி டிரம் ஓடுகிற சத்தம் வேறு. வாங்கிப் போன அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பதை ஒரு புள்ளியில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெருமைதான், ஆனால் புள்ளி வேண்டாம். படத்துக்குக் கீழே ஒரு வரியாக இருக்கட்டும். அதைத் தொட்டுப் பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

வெப் டிசைனர், மதுரை: ஆங்கிலத்தில் அழகாக வரும் பெட்டிகள் தமிழில் போட்டால் வழிகின்றன. ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் அனிமேஷனில் கொம்பு தனியாக, புள்ளி புள்ளியாக வரைந்த ஒரு வட்டத்தோடு நிற்கிறது. தமிழே வேண்டாம் என்று க்ளையன்ட்டிடம் சொல்லிவிடவா?

சொல்லாதீர்கள். கோளாறு தமிழில் இல்லை, அனிமேஷன் எழுதியவர் எழுத்தை எண்ணிய விதத்தில்.

'கொக்கு' என்பது நமக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. கம்ப்யூட்டருக்கு ஆறு: க, ஒகரக் குறி, க, மெய்ப்புள்ளி, க, உகரக் குறி. அந்த அனிமேஷன் ஆறையும் தனித்தனிக் கூண்டில் அடைத்து ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. ஒகரக் குறி தன் 'க'வைப் பிரிந்து தனியாக நிற்கும்போது, ஏறி உட்கார இடமில்லாமல் அந்தப் புள்ளி வட்டத்தை வரவழைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்ட்ல்.செக்மென்டர்' என்று ஒன்று உண்டு. இன்றைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைக் கொண்டு வெட்டினால் கொ, க், கு என்று ஒழுங்காக வரும். இன்னும் சுலபமான வழி: சொல் சொல்லாக வரவிடுங்கள். என்னைக் கேட்டால் அனிமேஷனே வேண்டாம். படிக்க வந்தவரை எதற்குக் காக்க வைக்க வேண்டும்?

வழிவதற்கு இரண்டு காரணம். பெட்டிக்கு உயரத்தைக் கட்டிப்போட்டிருப்பீர்கள். அதை அவிழ்த்துவிட்டு, வரி இடைவெளியை 1.6 அளவுக்கு ஏற்றுங்கள். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள், கி-யின் விசிறியும் கூ-வின் வாலும் இடிக்கும். இன்னொரு காரணம் மொழிபெயர்ப்பு. உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பெட்டி "தாங்கள் உள்ளிட்ட கடவுச்சொல் அங்கீகரிக்கப்படவில்லை" என்கிறது. "பாஸ்வேர்டு தப்பு" என்றால் ஒரு வரி. கடைக்காரர் அப்படித்தான் சொல்வார்.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் மேலேயே தமிழ் எழுதி, எழுத்து உடைந்து வருவது வேறு நோய். டைப் செட்டிங்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினை, புதிய பதிப்புகளில் 'வேர்ல்டு-ரெடி' என்று இருக்கும், தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் எழுத்தைப் படத்துக்குள் சுட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டால் நல்லது. படம் அடியில், எழுத்து மேலே தனி அடுக்கு. நாளைக்கு விலை மாறினால் ஒரு வரியை மாற்றினால் போதும். கண் மங்கியவர் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பெயர் வேண்டாம், சேலம்: டெமோவில் காட்ட நிஜக் கணக்கு இருந்தால்தான் நம்புவார்கள் என்கிறார் எங்கள் மேனேஜர். பெயர்களை மட்டும் மங்கலாக்கிவிட்டால் போதும்தானே?

போதாது. இதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

என் முதல் ஆன்லைன் டெமோவுக்கு, ஒரு கடையில் அனுமதி வாங்கித்தான் திரைகளை எடுத்தேன். அதில் ஒன்று பாக்கி லிஸ்ட். எல்லாருக்கும் மேலே ஒரு வியாபாரியின் பெயர், எதிரில் ஒரு லட்சத்துச் சொச்சம். நான் சும்மா இருந்தேனா? சிவப்பு வட்டம் போட்டு, "யார் எவ்வளவு பாக்கி, ஒரே பார்வையில்!" என்று பெட்டி வேறு வைத்தேன். இரண்டு மாசம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த வியாபாரியின் சொந்தக்காரர் ஒருவர் தன் கடைக்கு சாஃப்ட்வேர் தேடி, நேராக என் டெமோவில் வந்து விழுந்தார். மறுநாள் காலையில் கடைக்காரர் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க, நம்ம ஆளு மானத்துக்கு வட்டம் போட்டுட்டீங்களே" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மங்கலாக்குவது பற்றி: வெப் பக்கத்தில் ஸ்டைலாக மங்கலாக்கினால் கண்ணுக்குத்தான் மங்கல், பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற சோர்ஸ் கோடைத் திறந்தால் எழுத்து அப்படியே இருக்கும். கட்டம் கட்டமாகச் சிதைத்த எழுத்தையும் திரும்பக் கண்டுபிடிக்க வழிகள் வந்துவிட்டன. ஜிஎஸ்டி எண்ணை நிறையப் பேர் மறைக்கவே மறந்துவிடுகிறார்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33; அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லுங்கள்.

நிஜம் மாதிரி இருக்க வேண்டும், நிஜமாக இருக்கக் கூடாது. நான் இப்போது ஒரு கற்பனைக் கடையையே வைத்திருக்கிறேன்: நாற்பது ஐட்டம், பன்னிரண்டு வாடிக்கையாளர், ஒருவர் எப்போதும் பாக்கி, ஒருவர் எப்போதும் சாமானைத் திருப்பிக் கொண்டுவருபவர். விலைகளை மட்டும் வருஷா வருஷம் ஏற்றுகிறேன். துவரம் பருப்பு பழைய விலையில் இருந்தால் கடைக்காரர் மற்ற எதையும் நம்ப மாட்டார்.

பார்வைக் குறைபாடுள்ள வாசகர், திருச்சி: திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் போனைப் பயன்படுத்துகிறேன். உங்களைப் போன்றவர்கள் செய்யும் டெமோக்களில் எனக்குக் கேட்பதெல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்". அது எந்தப் பட்டன் என்று யாருக்காவது தெரியுமா?

செய்தவர்களுக்கே தெரியாது. என் பழைய டெமோக்களும் அப்படித்தான் இருந்தன. உங்கள் கடிதத்துக்குப் பிறகு மூன்றைத் திருத்தினேன், இன்னும் ஐந்து பாக்கி.

தொழில் செய்பவர்களுக்காக: ஒவ்வொரு புள்ளிக்கும் 'ஏரியா-லேபிள்' என்று ஒரு பெயர் கொடுக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, ஸ்கிரீன் ரீடர் படிக்கும். "மேலும் அறிய" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பட்டன், பட்டன் கதைதான். "சாய்க்கும் லாக், வீடியோ 8 நொடி" என்று வையுங்கள். பெட்டி திறந்ததும் ஃபோகஸ், அதாவது ஸ்கிரீன் ரீடர் படித்துக்கொண்டு நிற்கும் இடம், அதற்குள் போக வேண்டும். மூடினால் அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் விரிகிற பெட்டி போனில் பார்க்கிற யாருக்குமே விரியாது. போனில் ஏது மவுஸ்? வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான உலகளாவிய விதிகளில் 2023-இல் வெளிவந்த டபிள்யூகேக் (WCAG) 2.2, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்க வேண்டும் என்கிறது. ஆப்பிள் தன் ஆட்களுக்குச் சொல்வது 44. மாவு ஒட்டிய விரல், எண்ணெய் விரல் எல்லாம் தொடும் என்பதால் நான் 44-லேயே நிற்கிறேன். தானாக ஓடி ஐந்து நொடிக்கு மேல் அசைகிற எதற்கும் நிறுத்த ஒரு பட்டன் வேண்டும், இதுவும் விதிதான். வீடியோவில் பேச்சு இருந்தால் சப்டைட்டில் கட்டாயம். காது கேட்காதவர்களுக்கு மட்டுமல்ல, பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறவருக்கும்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: இந்த மாதிரி டெமோவைக் காசு செலவில்லாமல் எதில் செய்யலாம்?

ஃபோட்டோவில் புள்ளி, வீடியோவுக்கு நடுவில் கேள்வி என்றால் ஹெச்5பி. நார்வேயில் உருவானது, ஓப்பன் சோர்ஸ், வேர்ட்பிரஸில் செய்த வெப்சைட்டில் பிளகின்னாக, அதாவது கூடுதல் வசதியாகச் சேரும். வெப்சைட்டில் படிப்படியாக வழி காட்ட டிரைவர்.ஜேஎஸ், எம்ஐடி லைசென்ஸ், தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்ட்ரோ.ஜேஎஸ் பழசு, நல்லது, ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் லைசென்ஸ் வாங்க வேண்டும். இலவசம் என்று போட்டுவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ. காலேஜ் புராஜெக்ட்டுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

சமையல் பாத்திரக் கடை, கும்பகோணம்: 2012-இல் யூடியூப் வீடியோ மேலேயே தொடுகிற கட்டங்கள் வைத்திருந்தேன். எங்கே போயின?

அனொடேஷன் என்று பெயர். யூடியூப் அவற்றை 2019 ஜனவரி 15-இல் மொத்தமாக எடுத்துவிட்டது. போனில் அவை வேலை செய்ததே இல்லை. இப்போது மூலையில் வரும் கார்டும், கடைசி 5 முதல் 20 நொடிக்குள் வரும் எண்ட் ஸ்கிரீனும்தான். அந்தப் பழைய வீடியோக்களில் "இந்தக் கட்டத்தைத் தொடுங்கள்" என்று நீங்கள் வெறும் சுவரைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறை பார்த்து வெட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: இப்படித் தொட்டால் விரிகிற டெமோவை உலகத்தில் முதன்முதலில் செய்தது யார்?

முதல் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் எப்போதும் சொல்வது அமெரிக்க கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9, சான் ஃபிரான்சிஸ்கோ. ஒரு மாநாட்டு மேடையில் 90 நிமிஷம். கம்ப்யூட்டரோ சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில். படம் மைக்ரோவேவ் வழியாக வந்து பெரிய திரையில் விழுந்தது. அவர் காட்டிய சிஸ்டத்தின் பெயரே 'ஆன்-லைன் சிஸ்டம்'. மவுஸை வெளி உலகம் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

எனக்குப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். ராக்கெட்டும் இல்லை, கணக்கும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்: வாழைப்பழம், கேரட் என்று. அதை வகை பிரித்துக் காட்டினார். பிறகு வீட்டுக்குப் போகும் வழியைப் படமாகப் போட்டார், நடுவில் நூலகம், மருந்துக் கடை என்று பெயர்கள். நூலகத்தில் நமக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெயரைத் தொட்டார். தேதி தாண்டிய புத்தகங்கள் என்று விரிந்தது. புள்ளி, பெட்டி, ஒரு வரி. அவர் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாரா என்பது மட்டும் அந்த 90 நிமிஷத்தில் வரவில்லை.